பத்தாவது துண்டு

முதல் மணி அடித்து ஓய்வதற்குள் ரொட்டியின் ஓரங்களைச் சீவி முடித்துவிட வேண்டும் என்பது ஞானதீபம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டுமே. முப்பத்தோரு வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, கோயிலின் பக்கத்தறையில், குருவானவரின் வெள்ளை அங்கி தொங்குகிற ஆணிக்குக் கீழே கிடக்கும் இந்த மேசையில் நின்றுதான் அவள் திருவிருந்துக்கு அப்பம் வெட்டுகிறாள். வெளியே மாசிலாமணி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். மணியடிப்பது, பெருக்குவது, மின்விசிறி போடுவது என்று கோயில்குட்டி வேலை முழுவதும் அவர்தான், எழுபது தாண்டிவிட்டது, இடுப்பு வலி, ஒரு சத்தம் விழுந்து அடுத்தது விழுவதற்குள் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயமாக இருக்கும். டங். இருக்கிறார். ஞானதீபம் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துணியில் துடைத்தாள், கத்தியில் சூடு இருந்தால்தான் பொடி உதிராமல் வெட்டு விழும், இது அவளாகக் கண்டுபிடித்தது. பேக்கரிக்காரனிடம் சொல்லிவைத்து நேற்றே வெட்டாத ரொட்டி வாங்கியிருந்தாள், சீனி குறைவாக. எதற்கு என்று அவன் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று, எத்தனை அக்கா என்று மட்டும் கேட்டான். ஒன்று என்றாள். ஒன்றே அதிகம். விரல் பருமனுக்கு ஒரு சீவல் எடுத்து, நீளவாக்கில் நாலு, குறுக்கே நாலு, பதினாறு சதுரம், ஒரு ரொட்டிக்குப் பத்துச் சீவல், நூற்றறுபது பேர். ஈஸ்டருக்கு மூன்று ரொட்டி வெட்டிய காலம் உண்டு, கட்டைவிரல் அடியில் காய்த்துப்போனது இன்றைக்கும் தடவினால் தட்டுப்படுகிறது. இன்றைக்குப் பத்து. ஒரு சீவல்கூட முழுசாக வேண்டாம். பத்து என்று நினைத்ததுமே கை நின்றுவிட்டது, அவள் நாற்காலியில் கிடந்த கைப்பையைப் பார்த்தாள். பைக்குள் போன் இருந்தது. அது அடிக்கவில்லை.

பத்து என்ற எண்ணை எங்கே பிடித்தார்களோ. போன மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஜெபசிங் ஐயா இதே அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷர், ஏழு கோயிலுக்கு ஒரே குருவானவர், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறினால் மூன்றாவது கோயிலுக்குப் போகும்போது வெறும் வயிற்றில் முகம் வெளிறிப்போயிருக்கும். ஏழு கோயிலையும் சேர்த்து நடத்துகிற சேகரக் கமிட்டியில் முடிவு பண்ணிவிட்டார்களாம். குருவானவரைத் தவிரப் பத்துப் பேராவது திருவிருந்து எடுக்க வேண்டும், மூன்று மாதம் தொடர்ந்து பத்துக்குக் கீழே போனால் அந்தக் கோயிலில் அப்புறம் திருவிருந்து கிடையாது, வேண்டியவர்கள் டவுன் கோயிலுக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இங்கே வெறும் ஜெபம் மட்டும் நடக்கும். அதற்கும் ஆள் இல்லாமல் போனால் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்தக் கடைசி வரியை அவர் சொல்லவில்லை, ஞானதீபமே சேர்த்துக்கொண்டாள், அவர் அங்கியை மடித்த விதத்தில் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம் மழை, எட்டுப் பேர். போன மாதம் ஒன்பது. இது மூன்றாவது மாதம். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார், சொன்னால் இருக்கிறவர்களும் இப்போதே டவுனுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றார். அவள் சொல்லவில்லை.  அப்பம் வெட்டுகிறவள் என்பதால்தான் அவளிடம் சொன்னாராம், கூடுதலாக வெட்டிவிடாதீர்கள் அம்மா என்று கெஞ்சாத குறை. ஜெபித்து ஆசீர்வதித்த அப்பத்தைக் குப்பையில் போட முடியாது, குருவிக்கும் போட முடியாது, எடுத்தது போக மிஞ்சுவதைப் பீடத்தண்டையிலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். போன ஈஸ்டருக்கு, பண்டிகையாயிற்றே, வெளியூர்ப் பிள்ளைகள் வருவார்களே என்று ஆசை ஆசையாக அறுபது வெட்டினாள். வந்தது பதினேழு. மீதி நாற்பத்து மூன்றையும் ஐயாவும் அவளும் மாசிலாமணியும் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள், ஐயா சர்க்கரைக்காரர் வேறு, பாத்திரத்தில் மிஞ்சிய திராட்சை ரசமும் அவர் தலையில்தான் விழுந்தது, முகமெல்லாம் சிவந்துபோய்ப் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார். அன்றைக்கு மூவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு ஞானதீபம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், எதற்கு என்று கேட்ட அடுத்த வீட்டு ரெஞ்சிதத்திடம் வயிற்றுவலி என்றாள், அதுவும் பொய் இல்லை.

மணி ஓய்ந்தது. கத்தி ஒரு சீவலை எடுத்துப் படுக்க வைத்தது. நேற்றிலிருந்து எண்ணியதையே திரும்பவும் எண்ணினாள். மாசிலாமணி ஒன்று. ஆர்மோனியம் வாசிக்கிற டெய்லர் இரண்டு. முன்பெஞ்சில் காது கேட்காத டீச்சர் மூன்று. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்காளும் தங்கையும், ஐந்து. தபாலாபீஸில் ரிட்டையர் ஆனவரும் அவர் பெண்சாதியும் ஏழு, போன மாதம் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வருவாள், நேற்றுக் கடையில் பார்த்துக் கையைத் தொட்டே பார்த்தாயிற்று, சூடு இல்லை. ஆசீர்வாதம் அண்ணன் எட்டு. அவர் மனைவி ரெஞ்சிதம் ஒன்பது. ரெஞ்சிதம் யாரோ இல்லை, செத்துப்போன தன் புருஷன் அருள்ராஜுக்குச் சித்தப்பா மகள், தங்கச்சி முறை, அடுத்த வீட்டுக்காரி, முப்பது வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள். ஒன்பது. பத்தாவது ஆள் ஞானதீபம். அதாவது ஞானதீபம் இங்கே இருந்தால். நீளவாக்கில் முதல் வெட்டு விழுந்தது. இருந்தால் என்று என்ன சந்தேகம், இதோ இருக்கிறாளே, காலையிலேயே குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாளே. ஆனால் சேலையை எடுக்கும்போது கை முதலில் போனது அரக்குப் பட்டுக்கு. பேத்தி பிறந்தால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எட்டு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்த பட்டு. பேத்தி பிறந்து நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கு ஒன்பதரை மணிக்கு, மகள் பியூலா இப்போது போகிற பைபாஸ் ரோட்டு ஜெபவீட்டில் அந்தப் பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணுகிறார்கள். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, இந்தக் கோயில் வாசலருகே இருக்கிற கல் தொட்டியில் பியூலாவுக்குத் தலையில் தண்ணீர் விட்ட மாதிரி பியூலாவின் மகளுக்கு நடக்கப்போவதில்லை. தாய் வீட்டுப் பக்கத்துப் பெரிய ஆள் ஒருவர் பிள்ளையை ஏந்திக்கொண்டு மேடைக்குப் போய் நிற்க வேண்டும், எல்லாரும் கை நீட்டி ஜெபிப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்கு அருளினி என்று பெயர். தாத்தா பெயரை விடவில்லை பாருங்கள். கோயிலை விட்டாள், பெயரை விடவில்லை.

போன புதன்கிழமை பியூலா போனில் கூப்பிட்டாள். எம்மா, இந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் வாம்மா, அப்பம் வெட்ட வேற ஆளா கிடைக்காது என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஞானதீபத்துக்குச் சமாளிக்கத் தெரியும், கோபப்படுகிற மகளிடம் பேசிப் பழக்கம் உண்டு. கெஞ்சுகிற மகளிடம் என்ன பேசுவது. அவள் பாப்போம் என்றாள். பாப்போம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்து டூர் போகட்டுமா, பாப்போம். அந்தப் பையனைக் கட்டிக்கட்டுமா, பாப்போம். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வராதபோது வருகிற வார்த்தை அது, பியூலாவுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்கிறாளே. சரிம்மா என்று போனை வைத்துவிட்டாள். சட்டென்று வைத்திருந்தால் தேவலை, மெதுவாக வைத்தாள், வைப்பதற்கு முன்னால் பிள்ளை எதையோ பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. ஏன் சொல்லவில்லை, இன்னார் இன்னார் வருவார்கள், நான் இல்லாவிட்டால் ஒன்பது, கோயில் போய்விடும் என்று. சொல்லியிருந்தால் பியூலா என்ன சொல்லியிருப்பாள். போனா போகட்டும்மா என்றிருப்பாள். அதைக் கேட்கப் பயந்துதான் சொல்லவில்லை. ஐயா சொல்ல வேண்டாம் என்றாரே என்பதெல்லாம் சும்மா. குறுக்கே இரண்டு வெட்டு விழுந்தது. ஒரு துண்டு கோணலாகிவிட்டது, அதை ஒதுக்கி வைத்தாள். சின்ன வயசில் இந்த வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள் பியூலா, சீவிப் போட்ட ஓரங்களுக்காக. ஜெபிப்பதற்கு முன்னால் அது வெறும் ரொட்டிதான், தின்னலாம். பாவாடையை விரித்து வைத்துக்கொண்டு, எனக்கு இன்னைக்கு எத்தனை ஓரம் என்று கேட்பாள். மூன்று ரொட்டி வெட்டுகிற நாளில் பாவாடை நிறைந்துவிடும். இன்றைக்கு வெட்டிய ஓரம் ஒரு கைப்பிடி, மேசை மூலையில் காகிதத்தில் கிடந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை.

இரண்டாம் மணி. எட்டரை. இப்போது கிளம்பினால் போய்விடலாம். வெட்டின அப்பத்தைத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டு, மாசிலாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாசலில் ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். பட்டுச்சேலை இல்லாவிட்டால் என்ன, பிள்ளைக்குச் சேலை தெரியுமா. டங். நாலு வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரி ஒரு முதல் ஞாயிறு. அன்றைக்கு நாற்பது பேர் இருந்தார்கள். பியூலாவுக்கு ஆறு மாதம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டானது, மாடிப்படி ஏறாதே, தண்ணீர்க் குடம் தூக்காதே என்று தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்த ஞானதீபம் அன்றைக்குக் காலையில் மட்டும் பண்ணவில்லை, அப்பம் வெட்ட நேரமாகிவிட்டது. போனைச் சத்தம் வராமல் வைத்துப் பைக்குள் போட்டாள், ஆராதனையில் மணியடித்தால் மரியாதை இல்லையே. திருவிருந்து முடிந்து, மிஞ்சின அப்பம் சாப்பிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் பையைத் திறந்தாள். ஏழு. ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள் பியூலா. முதல் நாலு வீட்டிலிருந்து, அடுத்த மூன்று ஆட்டோவிலிருந்து. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை என்றார்கள். பியூலா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அம்மா வந்ததற்குத் திரும்பவில்லை. கால்மாட்டில் யாரோ ஒரு முன்பின் தெரியாத பெண் உட்கார்ந்து அவள் காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்க வந்த ஜெபவீட்டுக்காரி, அடுத்த கட்டிலுக்கு வந்தவள், அழுகிற சத்தம் கேட்டு இந்தக் கட்டிலுக்கு வந்துவிட்டாள். பத்து நாள் கஞ்சி கொண்டுவந்தார்கள் அவர்கள், முறை வைத்து, தூக்குவாளியில். இந்தக் கோயிலிலிருந்து வந்தது ரெஞ்சிதம் ஒருத்தி. அந்த வாரம் இங்கே கமிட்டி கூடி, பெண்கள் பக்கத்து மின்விசிறியில் யார் பெயர் எழுதுவது என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். அதையெல்லாம் ஞானதீபம் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள். பெற்ற தாயே தட்டைக் கழுவி முடித்துவிட்டுத்தானே போனாள்.

ஆட்கள் ஏன் போனார்கள் என்று கமிட்டியில் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கஞ்சி வாளிதான் கண்ணில் நிற்கும். மில் நின்றது, குவார்ட்டர்ஸை இடித்தார்கள், பாதிப் பேர் திருப்பூர், சென்னை, துபாய் என்று பிழைக்கப் போனார்கள், அவர்களை மனசு எப்போதோ மன்னித்துவிட்டது. இதே ஊரில் இருந்துகொண்டு வராமல் போனவர்கள்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறார்கள். மேளம், டிரம் செட் எல்லாம் வைத்து இழுக்கிறார்கள் என்று செயலாளர் பேசுவார். நாமும் கிட்டார் வாங்குவோம் என்பார் இன்னொருவர். வாங்கினார்கள், வாசிக்க ஆள் இல்லை, இதோ அலமாரிக்குப் பின்னால் உறைக்குள் தூங்குகிறது. பாட்டு வரிகளைச் சுவரில் காட்ட ஒரு புரொஜெக்டர் வந்தது, காது கேட்காத டீச்சருக்கு மட்டும் அது உதவியாக இருந்தது, அதற்கும் பல்பு போய்விட்டது. அப்புறம் போன வருஷம் கார்டு அடித்தார்கள், உங்களைத் தேடுகிறோம், உங்கள் இடம் காலியாக இருக்கிறது என்று ரோஜாப்பூப் படம் போட்டு. வீடு வீடாகப் போய்க் கொடுப்பதாகத்தான் பேச்சு, நேரம் இல்லை என்று தபாலில் போட்டார்கள். உள்ளூர்க்காரனை உள்ளூர்க்காரன் தபாலில் தேடினால் அவன் எங்கே அகப்படுவான். அதில் ஒரு கார்டு ஞானதீபத்தின் வீட்டுக்கே வந்தது, பியூலா பெயருக்கு. கோயில் பட்டியலில் அவள் இன்னமும் பழைய விலாசத்தில்தான் இருந்தாள். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால் இல்லை, கதவிடுக்கில் செருகியிருந்தது. உங்கள் இடம் காலியாக இருக்கிறது. ஞானதீபம் அதை வேதபுத்தகத்துக்குள் வைத்தாள், அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. ஒரு நாள் கமிட்டியில் எழுந்து, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டாள். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொண்டதோடு சரி. அவர்களை மட்டும் சொல்லி என்ன, தன் மகள் வீட்டுக்கு அவளே எத்தனை ஞாயிறு போயிருக்கிறாள். ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் இருக்கிறதே.

பத்துத் துண்டையும் தட்டில் வட்டமாக அடுக்கினாள், துணியால் மூடினாள். மணி எட்டே முக்கால் தாண்டியிருந்தது. இருக்கப்போகிறாள். முடிவெடுத்தது எப்போது என்று தெரியவில்லை, துணியின் மூலையை இழுத்துவிடும்போது இருக்கலாம். பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ நாள் உண்டு, பிறந்தநாள் வரும், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், இந்தக் கோயிலுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான். அருள்ராஜைப் புதைத்த மண் ஜன்னலுக்கு வெளியே தெரிகிறது. திருவிருந்து நின்றுபோன கோயிலில் கல்லறைக்கு யார் வருவார்கள். பியூலா புரிந்துகொள்வாள். மாட்டாள். ஆனாலும் சாயங்காலம் பட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், பத்து என்ற கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இனிமேல் பாப்போம் என்கிற சொல்லே வாயில் வரக்கூடாது. நேற்றுக் குழாயடியில் ரெஞ்சிதம்கூடக் கேட்டாள், நாளைக்குப் போறியளா மைனி என்று. நான் எங்க போக, விட்டுட்டுப் போக முடியுமா என்றாள் இவள். ரெஞ்சிதம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, யாராவது போகணும்லா மைனி என்றாள், போய்விட்டாள். அப்போது பத்து என்கிற விஷயம் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

மூன்றாம் மணி அடிக்கத் தொடங்கியபோது ஆசீர்வாதம் அண்ணன் அறைக்குள் வந்தார், இன்றைக்கு வேதபாடம் வாசிப்பது அவர் முறை, பக்கம் பார்த்து நாடா போட வந்தார். தனியாக வந்திருந்தார். ரெஞ்சிதம் வாசலில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று ஞானதீபம் நினைத்தாள். பேசுவதற்கு வாசலில் யாரும் இல்லை என்பது அடுத்தாற்போல் நினைவுக்கு வந்தது. எங்கே என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்.

"அவ பியூலா பிள்ளைக்குப் போயிருக்கா, தங்கச்சி. ஒன்னால இத விட்டுட்டு வர முடியாதுல்லா. நம்ம பக்கத்துல ஒரு ஆளு பிள்ளையத் தூக்க வேண்டாமான்னு எட்டு மணிக்கே ஆட்டோ பிடிச்சுட்டா. ஒங்கிட்ட சொன்னா வேண்டாம்னுருவன்னு சொல்லல."

 நல்ல காரியம் அண்ணன் என்று தன் வாய் சொன்னதை ஞானதீபம் கேட்டாள். நல்ல காரியம்தான், அதில் என்ன தப்பு, ரெஞ்சிதத்துக்குத்தான் என்ன தெரியும், யாரும் அவளிடம் சொல்லவில்லையே, குழாயடியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளே. ஜெபசிங் ஐயா வந்தார், அங்கி மாட்டினார், அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்தாள், பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். முதல் பாட்டு. ஆர்மோனியம் கொஞ்சம் முந்தி ஓடியது, குரல்கள் பிந்தி வந்தன. ஒன்பது. இப்போது எழுந்து போனால்கூட ஒன்பதரைக்குப் போய்விடலாம். ஒன்பதும் எட்டும் இனி ஒன்றுதான், கோயில் போனது போனதுதான், இங்கே யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய், எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. யாராவது வரலாமே. ஈஸ்டருக்கு வந்தவர்களில் ஒருவர், வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்த யாராவது, மணிச் சத்தம் கேட்டு, வரக்கூடாதா. வந்து, ஒன்பதுக்கு ஒன்று கூடி, பத்தாவதாக அவள் இல்லாமல் போய்விட்டால்? அதைத் தாங்க முடியுமா. வாசலைப் பார்த்துக்கொண்டே முழங்காலில் நின்றாள், வாசலைப் பார்த்துக்கொண்டே பாவ அறிக்கை சொன்னாள். செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டோம் என்று வாய் சொல்லும்போது சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது பத்து. வாசலில் வெயில் மட்டும் இருந்தது. ஒரு நாய் வந்து நின்றது, மாசிலாமணி சூ என்றார், போயிற்று. ஒன்பது இருபது. ஆசீர்வாதம் அண்ணன் வாசிக்க எழுந்தார், குரல் கம்பீரமாக இருந்தது, வீடு காலியாக இருந்தால் குரல் நன்றாகத்தான் கேட்கும். ஒன்பதரை. இப்போது அங்கே பெயர் கூப்பிட்டிருப்பார்கள். ரெஞ்சிதம் பிள்ளையை வாங்கியிருப்பாள், அவளுக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கம் இல்லை, கர்த்தர் அவளுக்குக் கொடுக்கவில்லை, கழுத்துக்குக் கீழே கை கொடுத்தாளோ என்னவோ. பச்சைச் சேலைதான் கட்டிக்கொண்டு போயிருப்பாள், அவளிடம் இருக்கிற ஒரே நல்ல சேலை. பிள்ளை அழுகிறதோ. பியூலா வாசலைப் பார்ப்பாள். மேடையில் நின்றுகொண்டு ஒரு தடவையாவது பார்ப்பாள், பார்க்காமல் இருக்க மாட்டாள். அங்கே மகள் வாசலைப் பார்க்க, இங்கே தாய் வாசலைப் பார்க்க, இரண்டு வாசலிலும் ஒருவரும் வரவில்லை.

பீடத்தண்டையில் முழங்கால் போட இருபது பேருக்கு இடம் உண்டு. ஒன்பது பேரும் நெருங்கி நிற்காமல் அவரவர் வழக்கமான இடத்திலேயே முழங்கால் போட்டார்கள், நடுவில் எல்லாம் காலி. ஐயா ஒவ்வொரு கையிலும் அப்பம் வைத்துக்கொண்டே வந்தார், காலி இடங்களில் வேகமாக நடந்தார். ஞானதீபத்தின் கையில் வைத்தபோது அவர் விரல் குளிர்ந்திருந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகு, தட்டில் ஒரு துண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூப்பிட்டார். அவள் திரும்பவும் போய் முழங்கால் போட்டாள். கோணலாக இல்லாத, நல்ல சதுரமான துண்டு. ரெஞ்சிதத்தின் துண்டு. வாயில் வைத்தாள், அது கரையவில்லை, மென்றுதான் விழுங்க வேண்டியிருந்தது.

பக்கத்தறையில் ஐயா பதிவேட்டைத் திறந்து தேதி எழுதினார், எந்த ஆராதனை என்று எழுதினார், அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். அடுத்த கோயிலுக்கு அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"பத்துத் துண்டும் தீந்துபோச்சும்மா. பத்துன்னே எழுதிரட்டுமா? யாரும் வந்து எண்ணப்போறதில்ல."

அவளுக்கு அழுகை வந்தது, அந்த மனுஷர் மேல் பாசமாகவும் இருந்தது. எழுதச் சொல்லலாம். ஒரு இலக்கம்தானே, ஒன்பதுக்குப் பதில் பத்து, மூன்று மாதம் தள்ளிப்போகும், அதற்குள் யாராவது வரலாம். பத்தாவது யார் என்று கேட்டால் ரெஞ்சிதம் என்று சொல்லலாம், முப்பது வருஷமாக ஒரு மாதம் தவறாதவள், யார் சந்தேகப்படப்போகிறார்கள். ரெஞ்சிதம் இங்கே முழங்கால் போட்டிருந்தாள் என்று மையில் எழுதிவிடலாம். எழுதினால் எழுத்தில் அதுதான் நிற்கும். அப்போது பச்சைச் சேலை கட்டிக்கொண்டு அந்த மேடையில் நின்றது யார்.

"வேண்டாம் ஐயா. ரெஞ்சிதம் அங்க நிக்கா, எம் பேத்தியத் தூக்கிட்டு. அவ இங்க இருந்தான்னு எழுதுனா, அந்தப் பிள்ளைக்கு நம்ம ஆளு ஒருத்தர்கூடப் போகலன்னு ஆயிரும்."

 ஐயா ஒன்பது என்று எழுதினார், மை காய ஊதினார், பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். போய்வருகிறேன் அம்மா என்று அவர் சொன்னது எல்லா மாதமும் சொல்வதுதான், ஆனால் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பைக் சத்தம் ரோட்டில் ஏறிக் குறைந்தது. ஞானதீபம் தட்டைக் கழுவினாள், துடைத்தாள், துணியை நாலாக மடித்தாள். கத்தியை இழுப்பறையில் வைக்கப்போனவள் வைக்காமல் காகிதத்தில் சுற்றினாள். மேசை மூலையில் கிடந்த ஓரங்களை, கோணலான துண்டையும் சேர்த்து, இன்னொரு காகிதத்தில் பொதிந்தாள், சாயங்காலம் பியூலாவிடம் கொடுக்கலாம், முப்பத்தாறு வயசில் ரொட்டி ஓரம் தின்பாளா என்று தெரியவில்லை, ஆனாலும் கொடுக்கலாம். பொட்டலத்தை வைப்பதற்காகப் பையைத் திறந்தாள். போன் மேலேயே கிடந்தது. இந்தத் தடவை அவள் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கவில்லை. ஏழு தடவை கூப்பிட்ட மகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்து, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். பியூலா ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.